பறித்தலும் பறிபோதலும்: பழைய இதழ்த் தமிழில் ஒரு வினைச்சொல்

முன்னுரை

பறி என்பது தமிழர் அன்றாடம் வழங்கும் எளிய வினைச்சொற்களுள் ஒன்று. பூவையும் காயையும் பறிக்கிறோம். வழிப்போக்கரின் கைப்பொருளைக் கள்வர் பறிக்கின்றனர். தோட்டத்து வேலையையும் தண்டனைக்குரிய குற்றத்தையும் ஒரே சொல் சுட்டுவது நமக்கு இடர் தருவதில்லை. இடம் நோக்கிப் பொருள் கொள்கிறோம். ஆயினும் தேயிலைத் தோட்டத் தமிழரைப் பற்றிய எழுத்துகளில் இவ்விரு பொருள்களும் ஒரே மக்கள்மீது வந்து கூடுகின்றன. கொழுந்து பறித்தவர்கள் என்று அறிமுகப்படுத்தப்பட்டவர்களே, வேலையும் வாக்கும் குடியுரிமையும் பறிக்கப்பட்டவர்களாகவும் இதழ்களில் இடம்பெற்றனர்.

இருபதாம் நூற்றாண்டின் தமிழ் நாளிதழ், வார இதழ் நடையில் இவ்வினை பெற்ற வடிவங்களை இலக்கண நோக்கில் ஆராய்ந்து, ஒவ்வொரு வடிவமும் வாசகரிடம் எதைச் சொல்லி எதைச் சொல்லாமல் விட்டது என்பதைக் காண இக்கட்டுரை முற்படுகின்றது. சொல் எத்தனை முறை வந்துள்ளது என எண்ணிக் காட்டுவது இதன் நோக்கமன்று. எடுத்துக்காட்டாக இங்கு வரும் தொடர்கள் நடையை விளக்கும் பொருட்டு நான் அமைத்தவையே. அவை எந்தவோர் இதழின் வாசகமும் அல்ல.

தானா ராத்தாவில் பெற்ற திருத்தம்

இவ்வாய்வுக்கான வித்து பகாங் மாநிலத்துக் கேமரன் மலையில் கிடைத்தது. 1885இல் அளவாய்வுக்கு வந்த வில்லியம் கேமரனின் பெயரைத் தாங்கிய இம்மலைப்பகுதியில், 1929இல் ஜே. ஏ. ரசல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். 1933இல் பாரத் தேயிலைத் தோட்டமும் உருவாயிற்று. காட்டை அழித்து, செடி நட்டு, கொழுந்து எடுத்த உழைப்பில் தமிழரின் பங்கு பெரிது. மலாய்மொழியில் சமநிலம் என்று பொருள்படும் தானா ராத்தா, கடல்மட்டத்திற்கு 1,400 மீட்டருக்கு மேல் அமைந்த சிற்றூர். அதைச் சுற்றியுள்ள சரிவுகளில் வாழ்ந்த தமிழர்க்கு அதுவே பள்ளியும் கோயிலும் கடையும் உள்ள ஊராக விளங்கியது.

சில ஆண்டுகளுக்கு முன், அவ்வூருக்கு அருகில், தோட்ட வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மூதாட்டி ஒருவரைச் சந்தித்தேன். கையில் எழுதி வைத்திருந்த வினாக்களுள் முதலாவதை வாசித்தேன்: “எத்தனை ஆண்டுகள் தேயிலை பறித்தீர்கள், அம்மா?” அவர் விடை கூறுமுன் வினாவையே திருத்தினார். “பறிக்கிறது இல்ல தம்பி, கிள்ளுறது. பறிச்சா செடிக்குக் காயம்பட்டுரும்.” பெருவிரலையும் சுட்டுவிரலையும் சேர்த்து, இரண்டு இலையும் ஒரு மொட்டும் முறியும் விதத்தைக் காற்றில் செய்து காட்டினார்.

நான் கையாண்டது பாடநூல்களிலும் இதழ்களிலும் பயின்ற சொல். அவர் கையாண்டது தொழிலின் சொல். இழுத்தால் தண்டு கிழியும், கிள்ளினால் மீண்டும் தளிர்க்கும் என்ற நுட்ப அறிவு அச்சொல்லில் அடங்கியிருந்தது. எழுத்துத் தமிழ் ஏன் கிள்ளு என்பதை விட்டுப் பறி என்பதைப் பற்றிக்கொண்டது என்ற வினா அன்று எழுந்தது.

சொல்லின் பொருட்பரப்பு

இலை, பூ, காய் ஆகியவற்றைச் செடியிலிருந்து பிரிக்கும் செயலுக்குத் தமிழில் வினைகள் பல. கொய்தல், ஆய்தல், கிள்ளுதல், பறித்தல், பிடுங்குதல், அறுத்தல் என்பன அவற்றுள் சில. கொய்தல் சங்க இலக்கியந்தொட்டுத் தினைக்கும் பூவுக்கும் வழங்கியது. இன்று செய்யுட்சாயல் பெற்றுவிட்டது. ஆய்தல் கீரையோடு சமையலறையில் நிற்கிறது. கிள்ளுதல் விரல்நுனிச் செயல். பிடுங்குதல் வேரோடு பெயர்ப்பது.

இவற்றிடையே பறித்தல் ஒரு விசையைக் குறிக்கும். சமண முனிவர் தலைமயிரைக் களைவதைப் பக்தி இலக்கியம் பறித்தல் என்றே இகழ்ந்து பேசும். ஒட்டியிருப்பதை அதன் இடத்திலிருந்து விசையால் அகற்றுதல் என்ற இவ்வடிப்படையிலிருந்தே கவர்தல் என்ற பொருளும் கிளைத்தது எனக் கொள்ளலாம். வழிப்பறி என்ற குற்றப்பெயரும், அரசு சட்டப்படி பொருளைக் கைக்கொள்வதைக் குறிக்கும் பறிமுதல் என்ற சொல்லும் ஒரே வேரின. கள்வர் செய்தால் வழிப்பறி. அதிகாரி செய்தால் பறிமுதல். வேரில் இல்லாத வேறுபாட்டைச் செய்பவரின் தகுதி உண்டாக்கிவிடுகிறது.

மலையில் பேசப்படும் கிள்ளு என்பது இதழாசிரியர்க்குக் கொச்சையாகவோ குழந்தை விளையாட்டாகவோ தோன்றியிருக்கலாம். எடு என்பது மிகப் பொதுவானது. கொய் என்பது செய்திக்கு ஒவ்வாத அணிச்சொல். இவற்றுக்கு நடுவில் எழுத்துத் தகுதியும் எளிமையும் ஒருங்கே பெற்று நின்றது பறி. இரப்பர்த் தோட்டத்திலும் இத்தகைய பிளவைக் காணலாம். அங்குப் பேச்சில் மரம் வெட்டுதல் என்பர். எழுத்தில் பால்மரம் சீவுதல் என்பது பெருகியது. வெட்டு என்றால் மரத்தை வீழ்த்துதல் எனப் பிறர் மயங்கக்கூடும் என்பதால் சீவு என்பதில் பொருத்தம் உண்டு. தேயிலையிலோ எதிர்மாறாக, நுட்பமான பேச்சுச்சொல் விலக, விசை மிகுந்த சொல் எழுத்தில் நிலைபெற்றது.

யார், எதை, யாரிடமிருந்து

பறித்தல் என்ற வினை தன் இரு பொருள்களிலும் ஒரே வாக்கிய அமைப்பைக் கொள்வதில்லை. ‘பெண்கள் கொழுந்து பறித்தனர்’ என்பதில் எழுவாயும் செயப்படுபொருளும் இருந்தால் போதும். எங்கிருந்து என்று கேட்டால் செடியிலிருந்து என்பது விடை. யாரிடமிருந்து என்ற வினா அங்கு எழுவதே இல்லை. செடி ஒரு குழுமத்தின் உடைமை; இலையும் அதன் உடைமையே; பறிப்பவர் கூலிக்குச் செய்கிறார். ஆகவே இழப்பவர் எவருமில்லை.

கவர்தற்பொருளில் மூன்று உறுப்புகள் தேவை: பறிப்பவர், பறிபொருள், இழப்பவர். ‘அவன் இவளிடமிருந்து நகையைப் பறித்தான்’ என்பதில் மூன்றும் உள்ளன. மேலும் ஒரு முற்கோளும் இவ்வினையில் பொதிந்துள்ளது. நகை முன்பே இவளுடையதாக இருந்தது என்பதை ஏற்றுக்கொண்டால்தான் பறித்தான் எனச் சொல்ல இயலும். கொடுக்கப்படாததைப் பறிக்க முடியாது. இவ்விரு கூறுகளையும், அதாவது மூன்று உறுப்புகளையும் உடைமை முற்கோளையும், நினைவிற்கொண்டு இதழ்நடையை அணுகுதல் வேண்டும்.

இதழ்களில் நான்கு வடிவங்கள்

1924இல் கோலாலம்பூரில் தோன்றி 2019இல் நின்றுபோன தமிழ் நேசன், 1935இல் சிங்கப்பூரில் கோ. சாரங்கபாணி தொடங்கி இன்றும் வெளிவரும் தமிழ் முரசு, 1930இல் கொழும்பில் பிறந்த வீரகேசரி ஆகியன தோட்டத் தமிழர் வாழ்வின் முதன்மையான எழுத்துச் சான்றுகள். அக்கால இதழ்நடை வடசொற்கள் மிகுந்ததாகத் தொடங்கிப் படிப்படியே தமிழ்ச்சொற்களை நோக்கி நகர்ந்தது. அபகரித்தல் நின்ற இடங்களுக்குப் பறித்தல் வந்தமைக்கு இந்நகர்வும் ஒரு காரணம். தந்திச் செய்திகளை ஆங்கிலத்திலிருந்து விரைந்து பெயர்க்க வேண்டிய கட்டாயம் செயப்பாட்டுவினையைப் பெருக்கியது. இச்சூழலில் பறி என்ற வினை நான்கு வடிவங்களில் வழங்கியதை வகுத்துக் காட்டலாம்.

முதலாவது செய்வினை: ‘நிர்வாகம் தொழிலாளரின் உரிமையைப் பறித்தது.’ மூன்று உறுப்புகளும் வெளிப்படை. தலையங்கத்திற்கும் தொழிற்சங்க மேடைக்கும் உரிய வடிவம் இது. எழுதுபவர் பொறுப்பேற்க வேண்டிய வடிவமும் இதுவே. பெயர் சுட்டியதற்கு விளக்கம் கேட்கப்பட்டால் ஆசிரியர் விடையளித்தாக வேண்டும்.

இரண்டாவது செயப்பாட்டுவினை: ‘தொழிலாளரின் உரிமை பறிக்கப்பட்டது.’ பறித்தவர் ஒருவர் உண்டு என்பதை வினை ஒப்புக்கொள்கிறது. அவர் யாரென்று சொல்லவில்லை. அறிந்துகொள்ள விரும்பும் வாசகர் கேட்கலாம். கேட்பதற்கான வெற்றிடமேனும் வாக்கியத்தில் எஞ்சியுள்ளது.

மூன்றாவது பறிபோதல்: ‘வேலை பறிபோயிற்று.’ இங்கு அவ்வெற்றிடமும் மறைகிறது. வேலையே எழுவாயாகித் தானே போய்விடுகிறது. செயப்படுபொருளைச் செய்ததுபோலக் கூறுதல் தமிழுக்குப் புதிதன்று. தொல்காப்பிய வினையியல் அதனை வழக்கியல் மரபாகவே ஏற்கிறது. ‘திண்ணை மெழுகிற்று’ என்பது உரையாசிரியர் காட்டும் எடுத்துக்காட்டு. திண்ணையை மெழுகியவர் யாரென்பது வீட்டார் அனைவர்க்கும் தெரியும், சொல்லாததால் கேடில்லை. வேலையைப் பறித்தவர் யாரென்பது அவ்வாறு தெரிந்த செய்தியன்று. இலக்கணம் இசைவளித்த ஒரு சுருக்கம், செய்தித்தாளில் விடப்பட்ட ஒரு தகவலாக மாறுகிறது.

நான்காவது பறிகொடுத்தல்: ‘தொழிலாளர் தம் உரிமையைப் பறிகொடுத்தனர்.’ மகனைப் பறிகொடுத்த தாய் என்று மரணச் செய்தியில் வரும்போது இவ்வடிவம் இரக்கத்தின் மொழி. கூற்றுவனை எழுவாயாக்கிப் பயனில்லை. அரசியல் செய்தியில் அதே வடிவம் வேறொன்றைச் செய்கிறது. இழந்தவர் எழுவாய் ஆகிறார். அவர் செய்த வினை கொடுத்தல் ஆகிறது. கவரப்பட்டவரையே கொடுத்தவராக்கும் இவ்வாக்கியத்தில், கவர்ந்தவர்க்கு இடமே இல்லை.

இந்நான்கையும் வரிசையாக நோக்கினால், படிப்படியே செய்தவர் மறைந்து, இறுதியில் இழந்தவர் தலையில் வினை ஏறுவதைக் காணலாம். இதழாசிரியர் எல்லாரும் திட்டமிட்டே மறைத்தனர் எனக் கூறுதல் நியாயமாகாது. இடப்பற்றாக்குறை, சட்ட அச்சம், மொழிபெயர்ப்பு வேகம், பழகிய தொடரின் வசதி ஆகிய அனைத்தும் இதில் பங்குபெற்றன. ஆயினும் காரணம் எதுவாயினும் வாசகர்க்குக் கிடைத்த விளைவு ஒன்றே.

பறிப்பா, மறுப்பா

உடைமை முற்கோள் என மேலே குறித்ததன் வலிமையை 1948இன் இலங்கை நிகழ்வு தெளிவாக்கும். அவ்வாண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழருள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. தமிழ் எழுத்துலகில் இது குடியுரிமைப் பறிப்பு என்றே நிலைபெற்றது. சட்ட நுணுக்கம் பேசுவோர், சுதந்திரத்துக்கு முன் இலங்கைக் குடியுரிமை என்ற ஒன்றே இல்லை, ஆதலின் நிகழ்ந்தது மறுப்பேயன்றிப் பறிப்பன்று என வாதிடக்கூடும். சொல்லளவில் அதற்கு இடமுண்டு. ஆனால் 1931இன் வாக்குரிமை விரிவாக்கத்தின்கீழ் அம்மக்களுள் பலர் வாக்களித்தனர். 1947 பொதுத்தேர்தலில் இலங்கை இந்தியர் காங்கிரஸ் உறுப்பினரைத் தேர்ந்தனுப்பினர். 1949இன் தேர்தல் சட்டத் திருத்தம் வாக்கைக் குடியுரிமையோடு பிணைத்தபோது, கையில் இருந்த வாக்கு உண்மையாகவே பறிக்கப்பட்டது.

ஆகவே பறிப்பு என்ற சொல்லைத் தேர்ந்தெடுத்தோர் ஒரு வாதத்தையே தேர்ந்தெடுத்தனர். தலைமுறைகளாக உழைத்து வாழ்ந்தோர்க்கு நாடு முன்பே உரியது. சட்டம் வந்து அதை அகற்றியது என்பதே அவ்வாதம். மறுக்கப்பட்டது என எழுதியிருந்தால், கேட்டு நின்றவர்க்குக் கிடைக்கவில்லை என்றாகியிருக்கும். இங்குப் பறி என்ற வினை இதழ்த் தமிழின் நேர்மையான பயன்பாடுகளுள் ஒன்றாகத் திகழ்கிறது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சியோர்க்கு 1974இல் தீர்வு எழுதப்பட்டது. 2003ஆம் ஆண்டின் சட்டத்தோடுதான் நாடற்றநிலை பெருமளவு நீங்கியது. அதுவரை அவ்வொரு சொல் அம்மக்களின் கோரிக்கையைச் சுமந்து நின்றது.

மலேசியாவில் இதற்கு இணையான நெருக்கடி 1969இல் நேர்ந்தது. 1968ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, குடியுரிமை பெறாதோர் வேலை அனுமதிச்சீட்டு இன்றிப் பணிபுரிய இயலாது என்றாயிற்று. சிவப்பு அடையாள அட்டையோடு தோட்டங்களில் வாழ்ந்த இந்தியர் பலர் பாதிக்கப்பட்டனர். ஏறக்குறைய 60,000 பேர் நாட்டைவிட்டு வெளியேறினர் என ஆய்வாளர் குறிப்பர். இங்கே இரு சொற்களும் களத்தில் நின்றன. அனுமதி மறுக்கப்பட்டது என்பது அலுவலகத்தின் சொல்; அது சீட்டைப் பற்றிப் பேசுகிறது. வேலை பறிபோயிற்று என்பது லயத்தின் சொல். அது வாழ்வைப் பற்றிப் பேசுகிறது. எனினும் லயத்தின் சொல்லிலும் பறித்தவர் இல்லை. முற்கோள் காக்கப்பட்டது, எழுவாய் இழக்கப்பட்டது.

இதற்கு முன்பே, தோட்டங்கள் சிறுசிறு பகுதிகளாக விற்கப்பட்ட காலத்தில், தோட்டத் துண்டாடல் என்ற தொழிற்பெயர் இதழ்களில் வேரூன்றியது. தொழிற்பெயர்க்கு எழுவாய் வேண்டுவதில்லை என்பதால், விற்றவரும் வாங்கியவரும் அச்சொல்லுக்குள் மறைந்தனர். அதற்கு மறுமொழியாக 1960இல் வீ. தி. சம்பந்தனார் தலைமையில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியபோது, ‘தொழிலாளர் தோட்டம் வாங்கினர்’ என எழுதும் வாய்ப்பு இதழ்களுக்குக் கிடைத்தது. கொழுந்தும் பாலும் அல்லாத ஒன்றைச் செயப்படுபொருளாகக் கொண்டு, தோட்டத் தொழிலாளர் எழுவாயாக நின்ற அரிய வாக்கியங்களுள் அதுவும் ஒன்று.

புனைவு நிரப்பிய இடம்

செய்தி நடை விட்ட எழுவாயை அதே காலத்து இதழ்களின் கதைப் பக்கங்கள் மீட்டன என்பது நோக்கத்தக்கது. புதுமைப்பித்தனின் துன்பக்கேணி 1935இல் மணிக்கொடியில் வெளிவந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்திற்குச் செல்லும் மருதியின் வாழ்வு அதில் சிதைகிறது. செய்தியில் ‘ஒரு பெண் பாதிக்கப்பட்டாள்’ என முடியக்கூடியது, கதையில் முகமும் பதவியும் உடைய மனிதர்களின் செயலாக விரிகிறது. கங்காணியும் துரையும் வாக்கியங்களின் எழுவாய்களாக வந்து நிற்கின்றனர். தோட்ட வரலாற்றை எழுதுவோர் செய்தியை ஆவணமாகவும் கதையைக் கற்பனையாகவும் பிரித்து வைப்பது வழக்கம். யார் செய்தார் என்ற ஒரு வினாவைப் பொறுத்தவரை கதையே நிறைவான ஆவணமாக அமைவதுண்டு.

இன்று மலையில்

கேமரன் மலையின் தேயிலைச் சரிவுகளில் விரலால் கிள்ளும் முறை இன்று பெரிதும் அருகிவிட்டது. இலை சேரும் பெட்டி பொருத்திய கத்தரியும், இருவர் இருபுறமும் பிடித்து நடக்கும் பொறியும் அவ்விடத்தைப் பெற்றன. அவற்றைக் கையாளுவோருள் வங்காளதேசம், நேபாளம், இந்தோனேசியா முதலிய நாடுகளிலிருந்து வந்தவரே மிகுதி. செயல் வெட்டுதல் ஆகிவிட்டது, செய்பவரும் மாறிவிட்டனர். எனினும் சுற்றுலாக் கட்டுரைகளிலும் பள்ளிக் கட்டுரைகளிலும் தமிழ்ப் பெண்கள் முதுகில் கூடை சுமந்து இன்னமும் கொழுந்து பறித்துக்கொண்டே இருக்கின்றனர். மலையை விட்டு அவர்கள் எவ்வாறு நீங்கினர், அவர்களின் பிள்ளைகள் எங்குச் சென்றனர் என்ற வரலாற்றை, பழகிப்போன அப்படவாக்கியம் மூடிவிடுகிறது.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றிலிருந்து இரண்டு கருத்துகளை முன்வைக்கலாம். முதலாவது ஆய்வாளர்க்குரியது. சிங்கப்பூர்த் தேசிய நூலக வாரியம் தமிழ் முரசின் பழைய இதழ்களை மின்வடிவில் காணத் தருகின்றது. இத்தகைய தொகுப்புகளில் ஒரு வினைச்சொல்லைத் தேடுவோர் அதன் வேரை மட்டும் எண்ணிக் கணக்கிட்டால் போதாது. பறித்தது, பறிக்கப்பட்டது, பறிபோயிற்று, பறிகொடுத்தனர் ஆகியவற்றை வெவ்வேறு கூற்றுகளாகவே பிரித்து நோக்க வேண்டும். அகராதியில் அவை ஒரு சொல். வரலாற்றில் அவை நான்கு நிலைப்பாடுகள்.

இரண்டாவது ஆசிரியர்க்குரியது. செய்வினையைச் செயப்பாட்டுவினையாக மாற்றும் பயிற்சியை நாம் நம் மாணவர்க்கு ஆண்டுதோறும் அளிக்கிறோம். பொருள் மாறாது வடிவம் மட்டும் மாறும் என்றும் சொல்லித் தருகிறோம். அப்பயிற்சியை எதிர்த்திசையிலும் நடத்திப் பார்க்கலாம். ஒரு பழைய செய்தியைக் கொடுத்து, அதிலுள்ள செயப்பாட்டுவினைகளையெல்லாம் செய்வினையாக்கச் சொன்னால், எழுவாய் கிடைக்காத இடங்களில் மாணவர் தயங்கி நிற்பர். அத்தயக்கத்திலிருந்து இலக்கண வகுப்பு வரலாற்று வகுப்பாக மாறக்கூடும்.

தானா ராத்தா மூதாட்டி என் வினாவைத் திருத்தியபோது அதனை வட்டார வழக்கின் ஒரு குறிப்பாகவே முதலில் பதிந்துகொண்டேன். நெடுநாள் கழித்தே அத்திருத்தம் எனக்கு விளங்கியது. பறித்தல் காயப்படுத்தும் செயல் என்பதை அவர் அறிந்திருந்தார். தாம் செய்த வேலைக்கு அப்பெயர் பொருந்தாது என்பதையும் அறிந்திருந்தார். அதன்பின் என் வினாத்தாளில் அச்சொல்லை அடித்துவிட்டுக் கிள்ளினீர்கள் என்று எழுதிக்கொண்டேன். பறித்தல் என்ற சொல்லை, பறித்தவர் இன்னார் என்று சொல்ல இயலும் இடங்களுக்காக வைத்திருக்கிறேன்.